கொரியாவுக்குப் போய் கறி சுடப் போறீங்களா... இடுக்கி யார் கையில் இருக்கணும்னு தெரியுமா?

கே-டிராமா ரசிகர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடமாக இருக்கும். ஆபீஸ் முடிந்து நாலு பேர் ஒரு சின்னக் கடைக்குள் நுழைவார்கள். மேசை நடுவில் தணல். மேலேயிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கும் புகைக்குழாய். ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் கத்தரிக்கோல். கறி 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் போடும். அடுத்த நிமிஷம் காதலோ, கண்ணீரோ, சண்டையோ ஆரம்பிக்கும்.

டிராமாவில் அதிகம் காட்டாத ஒரு விஷயம் உண்டு. அதே கடை வாசலில் நீங்க தனியா போய் நின்றால், "ஒருத்தர் மட்டுமா? இங்கே முடியாதே..." என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக்காரர் என்பதால்தான் இப்படியோ என்று உடனே மனசு நோக வேண்டாம். தனியாக வரும் கொரியருக்கும் பல கடைகளில் இதே பதில்தான். இந்தக் கடையின் அடுப்பு, தட்டு, விலை, இலை, கிளாஸ் எல்லாமே குறைந்தது ரெண்டு பேரை மனசில் வைத்துத்தான் அமைந்திருக்கு.

படிப்புக்கோ, வேலைக்கோ, பத்து நாள் டூருக்கோ தென்கொரியா கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஏன்னா, அங்கே உங்களை 'நம்மாளு' என்று சேர்த்துக்கொள்ளும் முதல் இடம் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு தெருமுனைக் கறிக்கடையாகத்தான் இருக்கும். லேபில் கூட வேலை செய்கிறவரோ, டீம் லீடரோ, பக்கத்து ரூம் பையனோ "வா, சம்கியோப்சல் சாப்பிடலாம்" என்று கூப்பிடுவார்.

'கறி வீடு'

இந்தக் கடைகளுக்குக் கொரிய மொழியில் 'கோகிஜிப்' என்று பெயர். கோகி என்றால் கறி, ஜிப் என்றால் வீடு. பேச்சில் ஹோட்டல், ரெஸ்டாரன்ட் என்றெல்லாம் சொல்வதில்லை, 'கறி வீடு'தான். அங்கே அதிகம் விற்பது சம்கியோப்சல். 'சம்' என்றால் மூன்று, 'கியோப்' அடுக்கு, 'சல்' சதை. பன்றியின் வயிற்றுப்பகுதிக் கறி இது. கொழுப்பும் சதையும் மாறி மாறி அடுக்கடுக்காக இருப்பதால் இந்தப் பெயர். மூன்றாம் மாதம் மூன்றாம் தேதியை, அதாவது மார்ச் 3-ஐ, 'சம்கியோப்சல் தினம்' என்றே கொண்டாடி சூப்பர் மார்க்கெட்டுகள் தள்ளுபடி போடும். 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி கொரியச் சொற்கள் 26-ஐ மொத்தமாகச் சேர்த்தபோது அதில் இந்தச் சொல்லும் இருந்தது.

இதில் மசாலாவே கிடையாது. ஊறவைப்பதில்லை, மிளகாய்த்தூள் இல்லை. பச்சைக் கறி அப்படியே மேசைக்கு வரும். சிக்கன் 65-க்குப் பழகிய நாக்குக்கு முதலில் "என்னடா இது, உப்புகூட போடல!" என்று தோன்றும். ருசியெல்லாம் தொட்டுக்கொள்வதிலும் சுற்றிக்கொள்வதிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எதில் சுடுகிறார்கள் என்பதை வைத்துக் கடையின் குணம் மாறும். கரி அடுப்புக் கடைகளில் ஒருவர் இரும்புக் கொக்கியில் தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வருவார். அந்த நேரத்தில் கையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சில இடங்களில் சாய்வான இரும்புத் தட்டு, சிலவற்றில் கல் தட்டு, சிலவற்றில் பெரிய சமையல் பானையின் மூடியைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு வார்ப்பிரும்பு. பழைய பேட்டைகளில் 'யோன்தான்' என்கிற துளை போட்ட நிலக்கரிக் கட்டியில் சுடும் கடைகள் இன்னும் இருக்கு. ஒரு காலத்தில் கொரிய வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருந்தது அந்தக் கட்டிதான். அதன் புகையில் மூச்சுத்திணறி இறந்தவர்களும் நிறைய. இப்போது அது நாஸ்டால்ஜியா.

போர்டைப் படிக்கத் தெரிஞ்சா பர்ஸ் தப்பிக்கும்

சுவரில் உள்ள விலைப் பலகையில் நீங்க தேட வேண்டிய சொல் 'இன்பூன்'. ஒரு ஆள் அளவு என்று பொருள். ஆனால் ஒரு இன்பூன் என்பது எல்லாக் கடையிலும் ஒரே அளவு இல்லை. ஒரு கடையில் 150 கிராம், இன்னொன்றில் 180, வேறொன்றில் 200. அதனால் விலையை மட்டும் பார்த்து "இந்தக் கடை சீப்" என்று நுழைந்தால் ஏமாறுவோம். 2013 ஜனவரியிலிருந்து உணவகங்கள் கறி விலையை 100 கிராம் கணக்கிலும் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள். எடை எல்லாம் சுடுவதற்கு முன் உள்ள பச்சை எடை. 'கல்பி' என்கிற விலா எலும்புக் கறி வாங்கினால் எலும்பும் சேர்த்து எடை.

எவ்வளவு ஆகும்? கொரிய நுகர்வோர் முகமையின் கணக்குப்படி, 2024 மே மாதம் சியோல் உணவகங்களில் 200 கிராம் சம்கியோப்சலின் சராசரி விலை முதல்முறையாக 20,000 வோனைத் தாண்டியது. நம்ம காசுக்குச் சுமார் 1,200 ரூபாய். கொரியாவில் அன்றைக்கு அது தலைப்புச் செய்தி. சாமானியர் சாப்பாடு என்று பெயர் எடுத்த ஒன்று கைமீறிப் போகிறதே என்கிற கவலைதான். ஒரு ஆறுதல்: பலகையில் உள்ள விலையே இறுதி விலை. வரி தனியாக ஏறாது. டிப்ஸ் கொடுக்கும் பழக்கமும் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் "காசை மறந்துட்டீங்க" என்று பின்னாலேயே ஓடிவருவார்கள்.

பலகையில் இன்னொரு பட்டியலும் இருக்கும். கறி, அரிசி, கிம்ச்சி எல்லாம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதியிருப்பார்கள். இதுவும் சட்டப்படி கட்டாயம். உள்நாட்டுப் பன்றிக்கறி விலை அதிகம். ஸ்பெயினிலிருந்தோ, சிலியிலிருந்தோ உறையவைத்து வந்தது குறைவு. 'ஹன்வூ' என்று எழுதியிருந்தால் உஷார். அது கொரிய நாட்டு மாட்டிறைச்சி, விலை எங்கேயோ போய் நிற்கும்.

'ஒருத்தர்' என்றால் ஏன் தயங்குகிறார்கள்?

முதல் ஆர்டர் குறைந்தது ரெண்டு இன்பூன். சில கடைகளில் மூன்று. அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இதுதான் பெரும்பாலான கறி வீடுகளின் எழுதிய, எழுதாத சட்டம்.

கடைக்காரர் பக்கமிருந்து யோசித்தால் காரணம் புரியும். ஒருத்தர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் ஒரு சட்டி தணல் போட வேண்டும், ஒரு தட்டு கழுவ வேண்டும், ஏழெட்டுக் கிண்ணங்களில் 'பான்சான்' எனப்படும் தொடுகறிகளைப் பரப்ப வேண்டும். இலை, பூண்டு, மிளகாய் எல்லாம் இலவசம். கேட்டால் திரும்பவும் வரும். கறியின் விலையில்தான் இத்தனையும் அடங்கியிருக்கு. எட்டு மேசை உள்ள கடையில் மாலை ஏழு மணிக்கு நாலு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் அன்றைக்குக் கல்லாவில் துண்டு விழும்.

அந்தக் கடைக்காரர்களும் ஒன்றும் கொழுத்த முதலாளிகள் இல்லை. கொரியாவில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சொந்தத் தொழில் செய்பவர். 1997 நிதி நெருக்கடியில் வேலை போனவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் கம்பெனி வெளியே அனுப்பியவர்கள் எனப் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டுத் திறந்தது இந்த மாதிரி சின்னச் சாப்பாட்டுக் கடைகளைத்தான். கணவர் அடுப்படி, மனைவி கல்லா என்று ஓடும் கடைகள் ஏராளம். கொரோனாவில் 2020 டிசம்பர் கடைசியில் சியோல் பகுதியில் ஐந்து பேர் ஒன்றாகக் கூடவே தடை வந்தது. கூட்டமாகச் சாப்பிடுவதையே நம்பியிருந்த கடைக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 2023 கணக்குப்படி கொரியக் குடும்பங்களில் 35.5 சதவீதம் ஒற்றை ஆள் வீடுகள். மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல்! தனியாகச் சாப்பிடுவதற்கு 'ஹோன்பாப்' என்று ஒரு சொல்லே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 2013-ல் வந்த 'லெட்ஸ் ஈட்' தொடர் தனியாக வாழ்கிறவர்களின் சாப்பாட்டைச் சுற்றித்தான் ஓடும். ஆக, நாட்டில் மூன்றில் ஒரு வீட்டில் ஒரே ஆள். நாட்டின் செல்லச் சாப்பாடோ ரெண்டு பேருக்குக் குறைந்தால் கிடைக்காது. இந்த முரண்பாட்டில் சிக்கி முழிப்பது நீங்க மட்டும் இல்லை.

தனியாகத்தான் போக வேண்டியிருக்கு என்றால்? முதலில், மதியம் போங்க. பல கறி வீடுகள் மதியத்தில் ஆபீஸ்காரர்களுக்காக ஒரு ஆள் சாப்பாடு போடும். காரமாக வதக்கிய பன்றிக்கறியும் சோறும், கிம்ச்சிக் குழம்பு என்று. அடுப்பு இல்லை, ஆனால் அதே சமையல்காரரின் கை. ராத்திரிதான் வேண்டும் என்றால் கூட்டம் சேர்வதற்கு முன் ஐந்தரை மணிவாக்கில் போய், உள்ளே நுழையாமல் வாசலிலேயே "ஹோன்ஜா இந்தேயோ, க்வேன்ச்சானாயோ?" என்று கேளுங்கள். "தனியாத்தான் வந்திருக்கேன், பரவாயில்லையா?" என்று அர்த்தம். கூடவே ரெண்டு இன்பூன் வாங்கிக்கொள்கிறேன் என்று ரெண்டு விரலைக் காட்டினால் பல முகங்கள் மலரும். சின்ன வயிறுக்கு அது அதிகம்தான். பெரிய நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு குட்டி அடுப்பு என்று வைத்த கடைகளும் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் பக்கத்து மேசை சத்தம் இல்லாத கறி வீடு எனக்கு ஏனோ லைப்ரரி மாதிரி தோன்றும்.

உள்ளே போயாச்சு... இப்போ?

குளிர்காலம் என்றால் கோட்டைக் கழற்றி முதலில் ஒளித்துவையுங்கள். உட்காரும் ஸ்டூலின் மூடியைத் திறந்தால் உள்ளே இடம் இருக்கும். இல்லையென்றால் பெரிய பிளாஸ்டிக் பை தருவார்கள். இல்லாவிட்டால் அடுத்த மூன்று நாள் உங்க ஜாக்கெட் கறி வாசனை வீசும். ஸ்பூனும் உலோகச் சாப்ஸ்டிக்கும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறைக்குள் இருக்கலாம். அதைத் தேடி முழிப்பது முதல்முறை வருகிறவர்களின் அடையாளம்.

தண்ணீரும் கூடுதல் தொடுகறியும் பல கடைகளில் 'செல்ஃப்'. மூலையில் இருக்கும் மேசையிலிருந்து நாமே எடுத்துக்கலாம். அள்ளிக்கொண்டு வந்து மிச்சம் வைக்காதீங்க. சில கடைகளில் அதற்கு அபராதம் என்று எழுதியே போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் லெட்டூஸ் விலை எகிறும்போது இலை குறைவாக வரும். நம்ம ஊரில் வெங்காயம் விலை ஏறினால் தயிர்ப்பச்சடியில் முட்டைகோஸ் எட்டிப்பார்க்குமே, அதே கதைதான்.

ஆளைக் கூப்பிட மேசையில் பட்டன் இருக்கும். பழைய கடை என்றால் "யோகியோ!" என்று குரல் கொடுக்கலாம். "இங்கே பாருங்க" என்ற மாதிரி. பரிமாறும் பெண்மணியைக் கொரியர்கள் 'இமோ' என்றும் கூப்பிடுவார்கள். இமோ என்றால் அம்மாவின் சகோதரி, அதாவது நம்ம சித்தி, பெரியம்மா. அம்மா, அப்பாவை 'ஒம்மா', 'ஆப்பா' என்று கூப்பிடும் நாட்டில் கடைக்காரம்மா சித்தி ஆவதில் என்ன ஆச்சரியம்? நம்ம ஊர் மெஸ்ஸில் "அக்கா, கொஞ்சம் ரசம்!" என்பதில்லையா? ஆனால் புதுசா போன இடத்தில் எடுத்தவுடனே உறவு கொண்டாட வேண்டாம். 'சாஜாங்னிம்' (ஓனர் ஐயா, ஓனரம்மா) என்பது எல்லாருக்கும் பாதுகாப்பு.

இடுக்கி

இனிதான் முக்கியமான கட்டம். கறி வந்துவிட்டது. இடுக்கியை யார் எடுப்பது?

ஆபீஸ் கூட்டம் என்றால் வழக்கப்படி அது கடைக்குட்டியின் வேலை. கே-பாப் ரசிகர்களுக்கு 'மக்னே' என்றால் தெரியும். பி.டி.எஸ்-ஸில் ஜங்குக் மாதிரி, கூட்டத்தில் இளையவர். மக்னேதான் சுட வேண்டும், வெட்ட வேண்டும், மற்றவர் தட்டில் வைக்க வேண்டும். அவர் சாப்பிடுவது கடைசியில்தான், ஆறிப்போன துண்டுகளை. 'ஹ்வேஷிக்' என்ற ஆபீஸ் விருந்துகளை இளைஞர்கள் வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது பல இடங்களில் அது தளர்ந்து, யாருக்கு நன்றாகச் சுட வருமோ அவர் எடுத்துக்கொள்கிறார். நீங்க புதியவர் என்றால் "நான் சுடட்டுமா?" என்று கையை நீட்டுங்கள். பெரும்பாலும் "நீ உட்காரு" என்றுதான் பதில் வரும். ஆனால் கேட்டதை மறக்க மாட்டார்கள். பரிமாறுகிறவரே வந்து சுட்டுத் தரும் கடை என்றால் நடுவில் இடுக்கியைப் பிடுங்காதீர்கள். அது அவர் தொழில்.

இடுக்கி உங்க கைக்கு வந்துவிட்டால்: தட்டு நன்றாகக் காயும் வரை பொறுங்கள். நீளத் துண்டை அப்படியே விரித்துப் போடுங்கள். அடிக்கடி புரட்டக் கூடாது; தோசையை எப்படிப் புரட்டுவோமோ அதே பொறுமை. ஒரு பக்கம் பொன்னிறமானதும் திருப்பி, அதன்பிறகு கத்தரிக்கோலால் ஒரு வாய் அளவுக்கு வெட்டுங்கள். தட்டு சாய்வாக இருப்பது உருகும் கொழுப்பு வழிந்து ஓடத்தான். அந்த ஓட்டத்தின் வழியில் கிம்ச்சியையும் பூண்டையும் வைத்தால், கொழுப்பில் வதங்கி வரும் ருசிக்காகவே பலர் இந்தக் கடைக்கு வருகிறார்கள். பன்றிக்கறி உள்ளே சிவப்பு இல்லாமல் வேக வேண்டும். பச்சைக் கறியைத் தொட்ட சாப்ஸ்டிக்கால் சாப்பிடக் கூடாது, அதற்குத்தான் இடுக்கி.

மசாலாவில் ஊறிய கறியும் வாங்கியிருந்தால் அதைக் கடைசியில் போடுங்கள். அதில் சர்க்கரை இருப்பதால் தட்டு சீக்கிரம் கருகிவிடும். கருகினால் சுரண்டிக்கொண்டு இருக்க வேண்டாம். "பான் காரா ஜுசேயோ" என்றால் தட்டை மாற்றித் தருவார்கள், காசில்லாமல். புகைக்குழாயைக் கையால் இழுத்துக் கறிக்கு ஒரு சாண் மேலே கொண்டுவரலாம். அலங்காரத்துக்குத் தொங்குவது இல்லை அது.

இலையில் சுருட்டி, ஒரே வாயில்

உள்ளங்கையில் ஒரு லெட்டூஸ் இலை. அதன்மேல் 'கேன்னிப்' என்ற இலை. கொரியர்கள் இதை எள் இலை என்று சொன்னாலும் எள் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி. அதனால்தான் அந்த நெடி. கறித்துண்டை உப்பு கலந்த நல்லெண்ணெயில் தொட்டு இலையில் வைத்து, ஒரு பூண்டு, ஒரு துண்டு பச்சை மிளகாய், காரமாகப் பிசைந்த வெங்காயத்தாள், கொஞ்சம் 'ஸாம்ஜாங்' (சோயா பீன்ஸ் விழுதும் மிளகாய் விழுதும் கலந்தது). மூடி, மடித்து, அப்படியே வாய்க்குள். பாதி கடித்துப் பாதி வைப்பது அழகில்லை. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இந்த உருண்டையை அடுத்தவருக்குச் செய்து ஊட்டிவிடுவது அங்கே பாசத்தின் உச்சம். காதலர்கள் மட்டுமில்லை, அம்மா பிள்ளைக்கு, மேனேஜர் புது ஊழியருக்கு என்று எல்லாரும் ஊட்டுவார்கள். மறுத்தால் முகம் வாடும். ஆனால் எல்லை எது என்பதில் கொரியர்களுக்கே குழப்பம். சில வருடம் முன்பு அங்கே இணையத்தையும் டிவியையும் ஆட்டிய 'கேன்னிப் விவாதம்' இதுதான்: ஊறுகாயாகப் போட்ட கேன்னிப் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உங்க ஃப்ரெண்ட் ஓர் இலையைப் பிரிக்கத் திணறும்போது, உங்க காதலன் தன் சாப்ஸ்டிக்கால் பிடித்து உதவலாமா, கூடாதா? நடிகர்கள், பாடகர்கள் எனப் பலரிடமும் பேட்டிகளில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கேள்வி. நீங்க எந்தக் கட்சி என்று முதலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

மாட்டுக்கறி சாப்பிட மாட்டீங்களா? இதைப் படிங்க

இது பலர் போன பிறகுதான் தெரிந்துகொள்ளும் விஷயம். பன்றிக்கறிக் கடையில் மாடு இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கறிக்குப் பிறகு குடிக்கும் 'தேன்ஜாங் ஜிகே' குழம்பில் பல கறி வீடுகள் மாட்டுக்கறித் துண்டுகள் போடுவார்கள். 'நேங்மியோன்' என்ற குளிர்ந்த நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் காய்ச்சியது. "சோகோகி துரோகாயோ?" என்றால் "மாட்டுக்கறி சேருமா?" என்று கேட்பது. 'சோ' மாடு, 'த்வேஜி' பன்றி, 'தாக்' கோழி, 'ஓரி' வாத்து. இந்த நாலு சொல்லும் போனில் இருக்கட்டும்.

பன்றியும் வேண்டாம், மாடும் வேண்டாம் என்பவர்கள் 'தாக்கல்பி' கடையைத் தேடலாம். சுன்ச்சோன் ஊரின் அடையாளம் அது. பெரிய இரும்புத் தட்டில் கோழி, முட்டைகோஸ், சர்க்கரைவள்ளி எல்லாம் காரமாக மேசையிலேயே புரளும். நம்ம நாக்குக்கு முதல் நாளே ஒத்துப்போகும் கொரியச் சாப்பாடு இதுதான் என்பது என் கட்சி. அங்கேயும் ரெண்டு இன்பூன் கணக்கு உண்டு. ஹலால் வேண்டுபவர்களுக்குச் சியோலில் இத்தேவோன் பகுதி. 1976-ல் திறந்த மத்திய மசூதியைச் சுற்றி ஹலால் உணவகங்கள் உள்ளன. சைவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது: கறி வீடு உங்க இடம் இல்லை. கிம்ச்சியிலேயே மீன் சாறோ, உப்பிட்ட இறாலோ இருக்கும். நண்பர்களுக்காகப் போனால் சோறு, லெட்டூஸ், சுட்ட பூண்டு, காளான் என்று ஒப்பேற்ற வேண்டியதுதான். அதையும் தனித் தட்டில் சுடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கிளாஸும் ஒருத்தருக்கு இல்லை

சோஜு பாட்டில் 360 மில்லி, ஆல்கஹால் 16 சதவீதம் அளவில். பீர் மாதிரி நினைத்து இறக்கிவிடாதீர்கள். தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. அடுத்தவர் ஊற்ற, நீங்க ரெண்டு கையால் கிளாஸைப் பிடித்து வாங்க வேண்டும். பெரியவர் முன்னால் குடிக்கும்போது தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வது மரியாதை. குடிக்காதவர்கள் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிடலாம். 'சைதா' கேளுங்கள். பெயரைப் பார்த்து ஆப்பிள் மது என்று பயப்பட வேண்டாம். கொரியாவில் சைடர் என்றால் நம்ம ஊர் லெமன் சோடா மாதிரி. அதை வைத்தே கிளாஸை முட்டலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

"இனி சாப்பாடு என்ன வேண்டும்?"

ஆளுக்கு கால் கிலோ கறி உள்ளே போயிருக்கும். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருப்பீர்கள். அப்போது இமோ வந்து, "சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பார். வெளிநாட்டுக்காரர்கள் அதிர்ச்சி ஆவார்கள். இவ்வளவு நேரம் செய்தது என்னவாம்?

தமிழர்களுக்கு இது உடனே புரியும். எட்டு இட்லி தின்றாலும் அது டிபன்தான். சோறு சாப்பிட்டால்தான் சாப்பாடு. அங்கேயும் அப்படியே. 'பாப்' என்றால் சோறு, 'பாப்' என்றாலே சாப்பாடும். "பாப் மோகோஸ்ஸோ?" என்று நலம் விசாரிப்பது நம்ம "சாப்டியா?" மாதிரியேதான். ஆகவே சோறும் தேன்ஜாங் குழம்புமோ, நேங்மியோனோ வரும். இல்லையென்றால் அதே தட்டில் மிஞ்சிய கறி, கிம்ச்சியோடு சோற்றைப் போட்டுக் கிளறி, அடிப்பிடிக்க விட்டுச் சுரண்டித் தருவார்கள். இதற்கு வயிற்றில் இடம் வைக்காமல் போனால் பாதிதான் சாப்பிட்டீர்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்க வேண்டாம், மேசையில் வைத்தபடியே ஸ்பூனால் சாப்பிடணும். ஸ்பூனைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும்போது செய்வது அது.

பில் மேசைக்கு வராது. எழுந்துபோய்க் கல்லாவில் கொடுக்க வேண்டும். பழைய வழக்கப்படி மூத்தவரோ, அழைத்தவரோ கொடுப்பார். அடுத்து போகும் காபிக்கு இளையவர் பர்ஸைத் திறப்பது அழகு. ஒரே வயசு நண்பர்கள் என்றால் ஒருவர் கார்டைத் தேய்க்க, மற்றவர்கள் அந்த இடத்திலேயே போனில் பங்கை அனுப்பிவிடுவார்கள்.

கொரியா போகாமலே பார்க்க வேண்டுமா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து சென்னையில் கொரியக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்காகவே வந்த உணவகங்கள் சிலவற்றில் மேசையிலேயே சுட்டுச் சாப்பிடலாம். போவதற்கு முன் போன் செய்து மேசை அடுப்பு உண்டா, குறைந்தது எத்தனை பேருக்கு ஆர்டர் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொரியாவில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் நிற்கும். பாலும் சர்க்கரையும் கலந்த குட்டிக் காகிதக் கப் காபி, பல கடைகளில் இலவசம். அதன் பக்கத்திலேயே துணியில் அடிக்கிற வாசனை ஸ்பிரே பாட்டில். கிளம்பும்போது "ஜால் மோகோஸ்ஸும்னிதா" என்று சொல்லுங்கள். "நல்லா சாப்பிட்டேங்க" என்று அர்த்தம். சொல்லிவிட்டு ஜாக்கெட்டின் முதுகுப்பக்கத்தை ஃப்ரெண்டிடம் காட்டுங்கள், அந்த ஸ்பிரேயை அவர்தான் அடிச்சுவிடணும்.